பஸ் ஏறிக் காடு காண்போம்

மலையேறுவதும் காட்டில் நடப்பதும் பொருள் படைத்தோர்க்கே உரியவை என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியிருக்கிறது. சொந்தக் கார் வேண்டும். மலைமேல் விடுதி அறை வேண்டும். இவை இல்லாதவன் திரைப்படத்தில் காடு பார்த்து மனநிறைவு அடைய வேண்டியதுதான் என்று நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் கூறினார். அவர் கருத்து முழுதும் சரியன்று என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே நெடுஞ்சுவர்போல் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில், காப்புக் காடுகளின் வாயில்வரை சாதாரண அரசு பஸ் செல்லும் இடங்கள் சில உள்ளன. அவற்றுள் நான் அடிக்கடி சென்று பழகியது பீர்மேட்டுப் பகுதி. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் நம்மைக் காட்டின் வாயிலில் விடும். அதற்கு அப்பால் எவ்வழி திறந்திருக்கிறது, எவர் துணையுடன் போகலாம், எந்த நாளில் போகலாம் என்பவற்றை அறிந்திருப்பது வேறு கல்வி. அதனை அறியாமல் போனவர்களில் உயிர் இழந்தவர்களும் உண்டு. ஆகவே பஸ் வழியையும் காட்டு வழியையும் சேர்த்தே விளக்க முயல்கிறேன்.

பஸ் செல்லும் பாதை

மதுரையிலிருந்து குமுளி ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பஸ்ஸில் நான்கு மணி நேரம் ஆகும். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இருமருங்கும் நெல் வயலும், தென்னந்தோப்பும், திராட்சைப் பந்தலும் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். லோயர் கேம்ப்பைக் கடந்ததும் பஸ் மலையேறத் தொடங்கும். சன்னலோரம் இடம் கிடைத்தவர் நற்பேறு பெற்றவர். வளைவுக்கு வளைவு கம்பம் பள்ளத்தாக்கு கீழே விரிந்துகொண்டே செல்லும்.

மலைச்சரிவில் இறங்கிவரும் பெரிய இரும்புக் குழாய்களை அவ்விடத்தில் தவறாமல் பாருங்கள். பெரியாற்று நீர் அவற்றின் வழியே இறங்கி, மின்சாரம் ஆக்கித் தந்தபின், வைகையை நோக்கிச் செல்கிறது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துவந்த அந்த நீரைக் கிழக்கே திருப்பிய அணையின் வேலை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. அதனைக் கட்டி முடித்த ஆங்கிலப் பொறியாளர் பென்னிகுவிக்கின் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் பிள்ளைகளுக்கு இடுகின்றனர். தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டத்து வயல்களுக்கு அந்நீர் பாய்கிறது. நம் கலத்தில் விழும் சோற்றுக்கும் மேலே நிற்கும் காட்டுக்கும் உள்ள உறவைப் புத்தகத்தில் படிப்பதைவிட இந்தப் பஸ் பயணத்தில் எளிதாகக் கற்றுக்கொள்ளலாம்.

குமுளி எல்லை ஊர். சோதனைச் சாவடிக்கு இப்பால் தமிழ்நாட்டு பஸ்களும் அப்பால் கேரள பஸ்களும் நிற்கும். சிறிது தூரம் நடந்து மாறிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து கோட்டயம் செல்லும் பஸ்ஸில் ஏறினால் வண்டிப்பெரியாறு, பாம்பனாறு ஆகிய ஊர்களைக் கடந்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்போது பீர்மேட்டில் இறங்கலாம். கோட்டயத்துப் பக்கமிருந்து வருவோர்க்கு இதே சாலைதான். முண்டக்கயத்திலிருந்து மலையேறிக் குட்டிக்கானம் வழியாகப் பீர்மேட்டை அடைவர்.

பீர்மேடு சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் சிற்றூர். பீர் முகம்மது என்னும் சூஃபி ஞானி இங்குத் தங்கித் தவம் செய்தமையால் இப்பெயர் வந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. தக்கலையில் அடங்கியிருக்கும் தமிழ்ப் புலவர் பீர் முகம்மது அப்பாவே அவர் என்பர். திருவிதாங்கூர் மன்னர்கள் கோடையில் இப்பகுதிக்கு வந்து தங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் இங்குக் காட்டை அழித்துக் காப்பி பயிரிட்டனர்; பின்னர்த் தேயிலை வந்தது. கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டி வந்தனர். அவர்கள் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கு வாழ்கின்றனர். தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியதும், 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது அவ்விரு வட்டங்களும் கேரளத்தில் நின்றதும் நாம் அறிந்த வரலாறு. கோடு எங்கே விழுந்திருந்தாலும், வண்டிப்பெரியாற்றுத் தேநீர்க் கடையில் தமிழில் கேட்டால் தமிழில் விடை கிடைக்கும்.

மூவகை நிலம்

பீர்மேட்டில் இறங்கியதும் எத்திசையில் நோக்கினாலும் பச்சை. ஆனால் அப்பச்சை ஒரே வகைப்பட்டதன்று. நடக்க விரும்புவோர் மூன்று வகை நிலங்களைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, எல்லோரும் செல்லக்கூடிய சாலைகளும் காட்சி இடங்களும். குட்டிக்கானத்துப் பைன் மரத் தோப்பு, பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் பருந்துப்பாறை, குட்டிக்கானத்துக்குக் கீழே சாலையோரமே விழும் வளஞ்ஞங்கானம் அருவி முதலியன இவ்வகை. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தோ, சற்றுத் தொலைவாயின் ஆட்டோ அமர்த்தியோ போய்வரலாம். மலை நடை பழகாதவர் முதல் நாளை இங்கே கழிப்பது நல்லது. கால் எவ்வளவு தாங்கும் என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.

இரண்டாவது, தேயிலைத் தோட்டம். தோட்டத்துள் வளைந்து செல்லும் மண்பாதைகள் நடப்பதற்கு ஆசையூட்டும். ஆனால் அவை தனியார் நிலம். மருந்து தெளிக்கும் நாளும் உண்டு. கொழுந்து எடுக்கும் வேளையும் உண்டு. லயத்து வாயிலில் நிற்பவரிடமோ தோட்ட அலுவலகத்திலோ கேட்டுக்கொண்டு போவதே முறை. தமிழில் கேட்டால் போதும். தேயிலைச் செடிகளிடையே காட்டெருது படுத்திருப்பதும் உண்டு. ஆகவே கேட்காமல் போவது மரியாதைக் குறைவு மட்டுமன்று, ஆபத்தும் ஆகும்.

மூன்றாவது, காப்புக் காடு. இதுதான் பெரியாற்றுப் புலிகள் காப்பகம். 1899-இல் அணையின் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பகுதி காப்புக் காடாயிற்று. 1934-இல் திருவிதாங்கூர் அரசு அதனை வேட்டை தடுத்த சரணாலயம் ஆக்கியது. 1950-இல் அது விரிவடைந்து பெரியாறு வனவிலங்குச் சரணாலயம் எனப் பெயர் பெற்றது. 1978-இல் புலிகள் காப்புத் திட்டத்தில் சேர்ந்தது. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். இதனுள் தன் விருப்பப்படி நடக்க எவருக்கும் உரிமை இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துள் அனுமதியின்றி நுழைவது குற்றம்.

தேக்கடி நடைவழிகள்

அப்படியாயின் மாணவன் எவ்வாறு உள்ளே போவது? அதற்கு வழி குமுளியில் இருக்கிறது. குமுளி பஸ் நிலையத்திலிருந்து தேக்கடி வாயில் நடந்து போகும் தூரமே. தேக்கடிப் படகுத்துறைவரை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். கார் வைத்திருப்போரும் தம் காரை ஆனவச்சால் திடலில் விட்டுவிட்டு, வனத்துறை நடத்தும் பஸ்ஸில்தான் உள்ளே போகவேண்டும். காருடையாரும் இல்லாதாரும் ஒரே பஸ்ஸில் அமரும் இக்காட்சி எனக்கு மிகவும் பிடித்தது.

பெரியாற்றில் வனத்துறை நடத்தும் நடைகள் பலவகை. ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் முடியும் காட்டு நடை ஒன்று. எல்லை மலைமீது நாள் முழுதும் ஏறி இறங்கும் நடை ஒன்று. பாதி வழி நடந்தும் பாதி வழி மூங்கில் தெப்பத்தில் ஏரியைக் கடந்தும் செல்லும் நாட்பயணம் ஒன்று. இரவில் காவலரோடு சுற்றிவரும் நடை ஒன்று. காட்டினுள் கூடாரமிட்டு ஓரிரவோ ஈரிரவோ தங்கும் புலித்தடப் பயணம் ஒன்று. ஒவ்வொன்றிலும் செல்வோர் தொகைக்கு அளவு உண்டு. வழிகாட்டி இன்றி எவரும் போக இயலாது. இணையத்தின் வழியாகவோ நேரில் சென்றோ முன்னரே இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டணம் பஸ் கட்டணத்தைவிடப் பன்மடங்கு என்பதை மறைக்க விரும்பவில்லை. முதல் முறை செல்லும் மாணவர்க்கு மூன்று மணி நேர நடையே போதும். அக்காசுக்கு அது நிறைவு தரும்.

என்னென்ன காணலாம் என்று கேட்பீர்கள். யானை, காட்டெருது, மிளா, கருமந்தி, மலை அணில், இருவாட்சி ஆகியவை காண்பதற்கு வாய்ப்புள்ளவை. புலி இருக்கிறது, ஆனால் பகலில் அதைக் கண்டவர் மிகச் சிலரே. அதன் கால்தடத்தையும் மரப்பட்டையில் அது கீறிய கோட்டையும் வழிகாட்டி காட்டுவார். ஏரியின் நடுவே கருத்த மரக் கட்டைகள் நிமிர்ந்து நிற்கும். அணை கட்டி நீர் நிறைந்தபோது மூழ்கிய மரங்கள் அவை; நூறாண்டு கடந்தும் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின்மேல் சிறகு விரித்து வெயில் காய்வதைக் காணலாம்.

சென்ற ஆண்டு நாங்கள் ஐவர் காலை நடைக்குச் சென்றோம். முக்கால் மணி நேரம் நடந்திருப்போம். முன்னே சென்ற வழிகாட்டி கையை உயர்த்தி நின்றார். பாதையில் சாணம் கிடந்தது. ஆவி இன்னும் அடங்கவில்லை. அவர் சிறிது சாம்பலைக் காற்றில் தூவிப் பார்த்தார். காற்று எங்கள் பக்கமிருந்து மூங்கில் புதரை நோக்கிச் சென்றது. “குட்டியோட நிக்குது, தம்பி. இன்னிக்கு இந்தப் பக்கம் வேண்டாம்” என்று மெல்லச் சொல்லி எங்களைத் திருப்பிவிட்டார். யானையை நாங்கள் பார்க்கவில்லை. கிளை முறியும் ஓசை மட்டும் கேட்டோம். பாதி நடைதான் கிடைத்தது என்று எங்களுள் ஒருவர் வருந்தினார். எனக்கோ, காட்டை அறிந்தவர் என்றால் என்ன பொருள் என்பது அன்றுதான் விளங்கிற்று.

வழிகாட்டுவோர் யார்?

இவ்வழிகாட்டிகளின் வரலாறு நாம் அறியவேண்டியது. அவர்களுள் பலர் மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினர். இவர்களின் குடியிருப்புகள் குமுளியை ஒட்டியே உள்ளன. மன்னான் மக்கள் தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர் என்று கூறுவர். அவர்கள் பேசும் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது. இடுக்கி மாவட்டத்துக் கோவில்மலையில் இன்றும் அவர்களுக்கு ஓர் அரசர் இருக்கிறார்.

வேறு சிலரின் கதை இன்னும் வியப்பானது. ஒரு காலத்தில் இக்காட்டில் மறைந்து புகுந்து, காட்டு இலவங்கப் பட்டையை உரித்து விற்று வாழ்ந்தவர்கள் இருந்தனர். பட்டை உரிந்த மரம் பட்டுப்போகும். உள்ளே தங்கும் நாட்களில் வேட்டையும் நடக்கும். பிடிபட்டால் வழக்கு, சிறை, வெளிவந்தால் கடன், கடனை அடைக்க மீண்டும் காடு. இச்சுழலிலிருந்து அவர்கள் வெளிவர வழி பிறந்தது, 1990-களின் பிற்பகுதியில் வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தினால். காட்டை நம்பி வாழ்ந்தவர்களை ஊர்க் குழுக்களாக அமைத்து, காட்டைக் காப்பதன் மூலமே அவர்களுக்கு வருவாய் கிடைக்கச் செய்தது அத்திட்டம். பட்டை உரித்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் ஒரு குழுவாயினர். எந்த ஓடையில் எந்த வேளையில் எந்த விலங்கு வரும் என்பதையும், எந்தக் கணவாய் வழியே கள்ளர் வருவர் என்பதையும் அவர்களைவிட அறிந்தவர் எவர்? புலித்தடப் பயணத்தில் பயணிகளை அழைத்துச் செல்வோர் அவர்களே. பயணிகளை அழைத்துச் செல்லும் அந்நடையே காவல் சுற்றாகவும் அமைகிறது.

பெண்களும் பின்தங்கவில்லை. குமுளியைச் சுற்றியுள்ள குடும்பத்துப் பெண்கள் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் ஒன்றுகூடி, முறைவைத்து நாள்தோறும் காட்டில் காவல் நடக்கின்றனர். இதற்கு அவர்கள் கூலி பெறுவதில்லை.

நாம் கொடுக்கும் கட்டணத்தை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அது ஒரு குடும்பத்துக்கு அரிசி ஆகிறது. அக்குடும்பம் மீண்டும் கத்தி எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஒளியாமல் இருக்கக் காரணமாகிறது. திருட்டு வழியில் காட்டுக்குள் புகும் மாணவன் மிச்சப்படுத்தும் காசு, இந்த ஏற்பாட்டின் வேரையே அறுக்கும் காசு.

ஏன் இத்தனை கட்டுப்பாடு?

கட்டுப்பாடு கண்டு முகம் சுளிப்போர்க்குச் சில நிகழ்ச்சிகளை நினைவூட்ட வேண்டும். 2018 மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைபயணம் சென்ற இளைஞர்கள் புல்வெளித் தீயில் சிக்கினர். சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள், பெண்களும் பலர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோடையில் உலர்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும் விரைவு மனிதன் ஓடும் விரைவைவிட மிகுதி. வழி அறிந்தவர் துணையும், நாள் அறிந்து வழியை மூடும் அதிகாரமும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அதன்பின் தமிழ்நாட்டில் நடைபயணங்களுக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நாற்பது நடைவழிகளைத் தேர்ந்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் முறையாகத் திறந்தது.

வண்டிப்பெரியாற்றிலிருந்து சத்திரம் வழியாகப் புல்மேடு கடந்து சபரிமலை செல்லும் காட்டுவழியும் இங்கேதான் உள்ளது. மண்டல, மகரவிளக்குக் காலத்தில் மட்டும் அது திறக்கும். இருட்டுமுன் காட்டைக் கடக்க வேண்டுமாதலால் நாளின் முற்பகுதியிலேயே பக்தர்களைப் புகவிடுவர். 2011 சனவரி 14 இரவு புல்மேட்டில் நேர்ந்த நெரிசலில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தமிழர் பலர் அவருள் அடங்குவர். குறுகிய காட்டுவழி எத்தனை பேரைத் தாங்கும் என்னும் கணக்கு விளையாட்டன்று.

மழையும் அவ்வாறே. 2021 அக்டோபர் 16-ஆம் நாள் பீர்மேடு வட்டத்துக் கொக்கையாறில் மலை சரிந்து வீடுகளை மூடி உயிர்களைக் கொண்டுபோயிற்று. சூன் முதல் ஆகஸ்டு வரை பெருமழைக் காலம். ஐப்பசி மழையும் சில ஆண்டுகளில் கடுமை காட்டும். வனத்துறை வழியை மூடிவிட்டது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். அன்று பஸ் ஏறித் திரும்புவதே அறிவுடைமை.

ஆண்டுக்கு ஒருநாள் திறக்கும் வழி

தமிழ் மாணவர்க்கு இக்காட்டில் தனிச்சிறப்புடைய ஒரு வழி உண்டு. அது மங்கலதேவி கோயிலுக்குச் செல்லும் வழி. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில், வேங்கை மரத்தின்கீழ் நின்ற கண்ணகி விண்ணேறியதைக் குன்றக் குறவர் கண்டு சேரன் செங்குட்டுவனிடம் கூறுவர் அன்றோ? அக்கண்ணகிக்கு எழுந்த கோட்டம் இதுவே என்னும் கருத்து 1960-களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் ஆராய்ச்சியால் பரவியது. எல்லை மலையின் முகட்டில், பழைய கல்வெட்டுகளுடன், சிதைந்த கற்கோயிலாக அது நிற்கிறது.

சித்திரை முழுமதி நாள் ஒன்றில் மட்டுமே அங்குச் செல்ல அனுமதி. தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட ஆட்சியர்களும் முன்னரே கூடிப் பேசி ஏற்பாடுகளை வகுப்பர். குமுளியிலிருந்து காட்டுப் பாதையில் ஜீப்பிலும் போகலாம், நடந்தும் போகலாம். தமிழ்நாட்டுப் பக்கத்தில் கூடலூரை அடுத்த பளியங்குடியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் செங்குத்தாக ஏறும் நடைவழி உண்டு. பிளாஸ்டிக் பொருள் கொண்டுசெல்ல விடமாட்டார்கள். காலையில் புறப்பட்டுப் பிற்பகலில் இறங்கிவிட வேண்டும். மேலேயிருந்து நோக்கினால் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு முழுதும், மேற்கே பெரியாற்றுக் காடு முழுதும் தெரியும். சிலப்பதிகாரத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்தவர் ஒருமுறை இம்மலை ஏறிப் பார்க்கட்டும். ஆண்டின் மற்ற நாட்களில் அவ்வழி யானைக்கும் மானுக்கும் உரியது.

இன்னும் இரண்டு பஸ்கள்

பீர்மேட்டைப் பார்த்து ஆசை அடங்காதவர்க்காக, வடக்கே உள்ள இரண்டு பஸ் வழிகளையும் சொல்லி வைக்கிறேன். உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் பஸ் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தின் ஊடாகவே போகிறது. இதுவும் இடுக்கி மாவட்டமே, 1984-இல் சரணாலயமானது. ஆனால் பெரியாற்றுக் காட்டைப்போல் இருக்கும் என்று எண்ணாதீர்கள். மலைமறைவில் இருப்பதால் மழை குறைந்து, முட்புதர் நிறைந்த வறண்ட காடு இது. சாம்பல் நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் இங்கு வாழ்கின்றன. சோதனைச் சாவடியில் இறங்கிக் கேட்டால், பழங்குடி வழிகாட்டியுடன் ஆற்றோரமாக நடக்கவும், தூவானம் அருவிவரை போகவும் ஏற்பாடு செய்து தருவர்.

மற்றது, பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம் செல்லும் பஸ். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், வண்டிப்பாதை தமிழ்நாட்டின் வழியேதான் செல்கிறது. 2010-இல் புலிகள் காப்பகமான இக்காட்டில் கன்னிமாரா தேக்கு என்னும் பழம்பெரும் மரம் நிற்கிறது. அதனைத் தழுவ ஐந்து பேர் கைகோக்க வேண்டும். ஆனைமலை வாயிலிலிருந்து பஸ்ஸே காட்டுக்குள் போவதால், மூன்று காடுகளில் இதுவே மாணவன் பைக்கு மிகவும் இரங்கும் காடு.

பஸ் நேரமும் காட்டு நேரமும்

பஸ்ஸில் செல்வோர் வகுக்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. காட்டு நடை பெரும்பாலும் காலை ஏழு எட்டு மணிக்குத் தொடங்கும். மதுரையில் காலை பஸ் பிடித்தால் அந்நேரத்துக்குள் குமுளியை அடைய முடியாது. ஆகவே முன்னாள் மாலையே குமுளி சென்று எளிய விடுதியில் தங்கவேண்டும். அல்லது முன்னிரவில் புறப்பட்டு விடியுமுன் சேரவேண்டும். ஐந்து பேர் சேர்ந்து சென்றால் அறை வாடகையும் ஆட்டோச் செலவும் பகிர்ந்து குறையும். திரும்பும் கடைசி பஸ் எப்போது என்பதை இறங்கிய உடனே கண்டக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சின்னாறு, பரம்பிக்குளம் போன்ற இடங்களில் பஸ்கள் சிலவே; ஒன்றைத் தவறவிட்டால் மாலைக்குப்பின் நடந்து வரவும் விடமாட்டார்கள், வழியில் நிற்கவும் விடமாட்டார்கள்.

அக்டோபர் முதல் பிப்ரவரி முடிய நடைக்கு ஏற்ற காலம். பச்சை, பழுப்பு போன்ற மங்கல் நிற உடை நல்லது; சிவப்பும் வெள்ளையும் வேண்டா. வாசனைத் தைலம் பூசிச் செல்லாதீர்கள். ஈரக்காலத்தில் அட்டை மிகுதி. முழங்கால்வரை ஏறும் துணிக் காலுறையை அங்கேயே தருவர். தண்ணீரைத் திரும்பக் கொண்டுவரும் குப்பியில் எடுத்துச் செல்லுங்கள். பேச்சைக் காட்டின் வாயிலில் விட்டுச் செல்லுங்கள். கைப்பேசியில் பாட்டு வைத்துக்கொண்டு நடப்பவன் ஒரு விலங்கையும் காணமாட்டான். பின்னால் வருபவனையும் காணவிடமாட்டான்.

நம் சங்கம் ஆண்டுதோறும் சுற்றுலாவுக்குத் தனி பஸ் அமர்த்துகிறது. ஐம்பது பேர் ஆடிப்பாடிச் சென்று, அருவியில் குளித்து, திரும்பிவிடுகிறோம். அதற்குப் பதில் ஐவர் ஐவராகப் பிரிந்து, அரசு பஸ்ஸில் ஏறி, வெவ்வேறு வாரங்களில் இக்காடுகளுக்குப் போய்வரலாம் என்பது என் கருத்து. செலவும் குறையும், காட்டுக்கும் இடர் குறையும். சென்றுவந்தவர் தாம் கண்டவற்றை இவ்விதழில் எழுதினால் பின்செல்வோர்க்கு அது வழித்துணையாகும். மதுரையில் குமுளி பஸ்கள் நாள்தோறும் நிற்கின்றன. அடுத்த விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்னரே நடைக்கு இடம் பிடியுங்கள், ஐவராகச் சேருங்கள், புறப்படுங்கள்.